முப்பத்தொரு பேர் வாங்கிய நண்டு

எங்கள் கோயில் திருநாள் ஏலத்தில் ஒரு நண்டு எழுபத்தையாயிரம் ரூபாய்க்குப் போனது. அந்த நண்டைக் கொடுத்தவன் நான். அதனால் என் மனைவி ஜெனிற்றாவுக்கு வரவேண்டிய வங்கிக் கடன் பாதி வழியில் நின்றது. குருநகரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என்னை ஏசிவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஆகவே நானே முதலில் சொல்லிவிடுகிறேன்: கொலின்ஸ் என்ற பெயருடைய நான் ஒரு மடையன். இனிக் கதையைக் கேட்கலாம்.

நான் சிறிய படகில் போய் நண்டு வலை போடுகிறவன். ஜெனிற்றா நண்டு வாங்குகிறவள். முன்பெல்லாம் எங்கள் கரையில் எல்லோரும் முதலாளி ஜஸ்ரின் சம்மாட்டிக்குத்தான் நண்டு கொடுத்தோம். வலைக்கும் இயந்திரத்துக்கும் அவர் முற்பணம் தருவார். அது தீரும்வரை பிடிக்கிற நண்டெல்லாம் அவருக்கு, அவர் சொல்கிற விலைக்கு. அது ஒருநாளும் தீராது. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். ஆனால் விலை சொல்லும்போது மட்டும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார்.

ஜெனிற்றா கரையில் இருந்த அவருடைய நண்டுக் கொட்டிலில், வாடி என்போம், பதினொரு வருடம் வலையிலிருந்து நண்டு கழற்றினாள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, இவள் போய் ஒரு தராசு வாங்கி, சின்னதாக ஒரு வாடி போட்டாள். கொழும்பில் ஒரு கொம்பனியோடு கதைத்தாள். சினை நண்டும் பொடி நண்டும் இல்லாமல் அனுப்பினால் கிலோவுக்குக் கூட விலை தருவோம் என்றார்கள். அந்தக் கூட விலையில்தான் நாங்கள் ஒவ்வொருவராகச் சம்மாட்டியின் முற்பணத்தைக் கட்டி முடித்தோம். கொம்பனி காசை வங்கியில் போடும். அதை எடுத்து எடுத்துக் கொடுக்க நேரமில்லை என்று, ஆட்களுக்கும் போன் வழியாகவே அனுப்புவது என்று முடிவெடுத்தாள்.

அனுப்புவதற்கு ஆட்களிடம் கணக்கு வேண்டுமே. கழற்றுகிற பெண்களையும் படகுக்காரரையும் இரண்டு மூன்று பேராகக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாள். யோசப்பின் என்று எங்கள் தெருவில் ஒருத்தி. ஐம்பத்துமூன்று வயது. மனுசனைக் கடல் கொண்டுபோன பிறகு தானே வலை வைத்து, ஆள் பிடித்துப் படகு விடுகிறவள், வாடியில் கூலிக்கு நண்டும் கழற்றுகிறவள். அவள் பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, "என்ரை காசை நான் கேட்டால் தருவியளோ?" என்று அங்கிருந்த வங்கிப் பிள்ளையிடம் மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம்தான் கையெழுத்துப் போட்டாள்.

சினை நண்டு என்றால் வயிற்றுக்குக் கீழே செம்மஞ்சளாக முட்டை கட்டியிருக்கிற நண்டு. அதை உயிரோடு வாளித் தண்ணீரில் கொண்டுவந்து கொடுத்தால் ஜெனிற்றா ஐம்பது ரூபாய் உடனே போனில் அனுப்புவாள். அடுத்ததாகக் கடலுக்குப் போகிற படகில் அந்த நண்டு திரும்பிப் போகும். "கடலுக்குச் சம்பளம் குடுக்கிறாள்" என்று ஜஸ்ரின் சம்மாட்டி சிரித்தார். நான்கூட முதலில் சிரித்தேன். நான் படித்தவன் இல்லை, எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் முன்பு என் வலை நண்டு கிலோவுக்கு எட்டு ஏறியது, இப்போது ஐந்து ஏறுகிறது, நண்டு அவ்வளவு பெரிசு. அது எனக்குப் போதும்.

ஒரேயொரு குறை ஐஸ். வெளியே வாங்கி ஓட்டோவில் ஏற்றி வருவதற்குள் பாதி கரைந்துவிடும். பின்னேரம் வருகிற நண்டு பழுதாகும். சூரிய ஒளியில் ஓடுகிற குளிர் அறை ஒன்று போட்டால் ஐஸுக்கும் டீசலுக்கும் கொட்டுகிற காசு மிச்சம். செலவு இருபத்திரண்டு லட்சம். ஈடு வைக்க எங்களிடம் காணி உறுதி இல்லை. ஆனால் வங்கியில் புதிதாக ஒரு கடன் வந்திருந்தது. காணிக்குப் பதிலாகப் போனில் நடந்த இரண்டு வருடக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துத் தருவார்கள், அதுவும் இப்படிச் சூழலுக்குக் கேடில்லாத தொழிலுக்கு. உதயகலா என்ற அதிகாரி வந்து எல்லாம் பார்த்துவிட்டுப் போனாள். மானிப்பாய்ப் பிள்ளை, மீன் மச்சம் வாயில் வைக்காதவள். மூக்கைப் பொத்தாமல் எங்கள் வாடிக்குள் அரை மணித்தியாலம் நின்றதற்கே அவளுக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

திருநாள் முடிய விண்ணப்பம் கொடுப்பதாக இருந்தோம். அங்கேதான் நான் புகுந்தேன்.

திருநாள் பூசை முடிந்ததும் கோயில் வளவில் ஏலம் நடக்கும். சனம் நேர்ந்து கொடுத்த தேங்காய், சேவல், பூசணிக்காய், மீன் எல்லாம் ஏலத்துக்கு வரும். சந்தை விலையைக் கேட்கிறவன் அங்கே வரக்கூடாது. தேங்காய் பன்னிரண்டாயிரத்துக்குப் போகும். சேவல் முப்பத்தையாயிரத்துக்குப் போகும். கோயிலுக்குப் போகிற காசு, வாங்குகிறவனுக்கு மரியாதை. அந்த வாரம் என் வலையில் ஏறிய ஆகப் பெரிய நண்டை நானும் நேர்ந்துவிட்டேன். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காலைக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பெட்டியில் பூ வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபத்தாறு வருடம் நண்டு பிடிக்கிறவன், அதை ஒருதரம் திருப்பிப் பார்க்கவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

கோயில் சபைச் செயலாளர் அடைக்கலநாதன் அண்ணைதான் ஏலம் கூறுகிறவர். அந்த முறை பாதிப் பேர் காசு கொண்டு வரவில்லை. எல்லோரும் போனைத்தான் காட்டினார்கள். கோயிலுக்கு கியூஆர் தட்டி இல்லை. "ஜெனிற்றா, உன்ரை தட்டியைக் கொண்டு வா பிள்ளை. நாளைக்குக் கோயிலுக்கு மாத்திவிடுவம்" என்று அண்ணை ஒலிபெருக்கியிலேயே சொன்னார். சில்லறைக்கு நண்டு வாங்குகிறவர்கள் போனில் காசு அனுப்புவதற்காகத் தராசில் தொங்கிய தட்டியை அவள் கழற்றிக்கொண்டு வந்து ஒலிவாங்கிக் கம்பத்தில் கட்டினாள். கோயில் காரியம், யாருக்கும் பிழையாகப் படவில்லை.

பிறகு அடைக்கலநாதன் அண்ணை என் நண்டைத் தூக்கிப் பிடித்தார். வயிற்றுப் பக்கம் சனத்துக்குத் தெரிந்தது. செம்மஞ்சள் முட்டை, ஒரு கை நிறைய.

வளவு முழுக்கச் சிரித்தது. சினை நண்டு வாங்கமாட்டேன் என்று கரை முழுக்கச் சொல்லித் திரிகிறவளின் மனுசன், சினை நண்டைக் கடவுளுக்கே கொடுத்திருக்கிறான். ஜெனிற்றா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஐயாயிரம்!" என்றார் ஜஸ்ரின் சம்மாட்டி. "இண்டைக்கு மத்தியானம் சினையோடை கறி. ஜெனிற்றா வீட்டு நண்டு, ருசியாத்தான் இருக்கும்."

"ஆறு" என்றாள் ஜெனிற்றா.

"பத்து."

"பதினொண்டு."

எங்கள் சொந்தக் காசு அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் நண்டு வாங்குவதற்கான காசு, அதில் அவள் கை வைக்கமாட்டாள். சம்மாட்டி பதினைந்து என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணை "ஒரு தரம்" என்றார். "இரண்டு தரம்" என்றார்.

"பதினேழு!" பெண்கள் பக்கமிருந்து யோசப்பினின் குரல்.

"ஆர் காசு தாறது?" என்று சம்மாட்டி கேட்டார்.

"ரெண்டாயிரம் நான். மிச்சம் இஞ்சை நிக்கிறவை தருவினம்."

அவள் போனைத் தூக்கித் தட்டியில் பிடித்தாள். ஜெனிற்றாவின் போன் ஒருதரம் சிணுங்கியது. அதன் பிறகு நிற்கவில்லை. படகுக்காரர், கழற்றுகிற பெண்கள், ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தராகத் தட்டிக்கு முன்னால் வந்து போனார்கள். ஆளுக்கு இரண்டாயிரம், மூன்றாயிரம். ஒவ்வொருவரும் குறிப்பில் ‘நண்டு’ என்று போட்டார்கள். சம்மாட்டி எழுபதுவரை வந்தார். எழுபத்தைந்துக்குக் கையை விரித்துவிட்டுச் சிரித்தார். "எடுங்கோ, கொண்டுபோய்க் கடலிலை கொட்டுங்கோ."

அப்படியே செய்தோம். பங்குச் சுவாமியும் பூசை உடுப்போடு இறங்குதுறைவரை வந்தார். அன்று எனக்குச் சோறு போட்டபோது ஜெனிற்றா, "இனிமேல் நேர்த்திக்குத் தேங்காய் குடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஏலக்காசு நாலு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்தையும் ஒரே தடவையில் கோயில் கணக்குக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துக் கடன் விண்ணப்பம் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் உதயகலா எங்களை வங்கிக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்டு கேட்கிறன், குறை நினைக்காதேங்கோ. எந்த ஊரிலை ஒரு நண்டு எழுபத்தையாயிரம்?"

ஜெனிற்றா நடந்ததைச் சொன்னாள். அந்தப் பிள்ளை நெற்றியைத் தேய்த்தாள்.

"எனக்கு விளங்குது. ஆனால் கொழும்பிலை இருக்கிற கொம்பியூட்டருக்கு விளங்காது. விண்ணப்பத்துக்கு மூண்டு நாள் முந்தி நாலரை லட்சம் உள்ளை வந்து, அடுத்த நாளே வெளியிலை போயிருக்கு. அதிலை முப்பத்தொரு பேர் நீங்கள் நாள்தோறும் காசு குடுக்கிற ஆக்கள். அவை திருப்பி உங்களுக்கே அனுப்பியிருக்கினம். கடன் எடுக்கிறதுக்காகத் தங்கடை காசைத் தாங்களே சுத்திவிடுற ஆக்கள் இருக்கினம் அக்கா. அவையும் சரியா இப்பிடித்தான் செய்வினம்."

"அனுப்பின ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ மிஸ்."

"கேட்டாச்சு. கொழும்பிலை இருந்து ஆறு பேருக்குப் போன் எடுத்திருக்கினம். எதுக்குக் காசு அனுப்பினீங்கள் எண்டால் நண்டுக்காம். நண்டு எங்கை எண்டால் கடலிலையாம். ஆறு பேரும் ஒரே சொல்லாச் சொல்லியிருக்கினம். பாடமாக்கி ஒப்புவிக்கிறமாதிரி இருக்கெண்டு எழுதியிருக்கினம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாத முடிவுக்குள் இது துப்புரவாகாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. அந்தத் திட்டம் திரும்ப எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது.

இரண்டு நாளில் ஜஸ்ரின் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். ஊரில் எந்தச் செய்தி நிற்கிறது? கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாகச் சொன்னார்.

"இருபத்திரண்டையும் நான் தாறன். வட்டி வேண்டாம். நண்டை எனக்குத் தா, காணும். சினை, பொடி எண்டு பிரிக்கக்கூடாது. கரைக்கு வாறதெல்லாம் வரவேணும்."

உண்மையைச் சொன்னால், நான் மனதுக்குள் சரி என்றுவிட்டேன். என் மடத்தனத்தால் போனது எப்படியாவது திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டு உங்களை இழுத்தடிக்கமாட்டன் அண்ணை. ஏலாது" என்றாள் ஜெனிற்றா. "இன்னொரு தேத்தண்ணி போடட்டோ?"

அவர் வேண்டாம் என்று எழுந்து போனார்.

அடைக்கலநாதன் அண்ணைக்குத் தன்னால்தான் இந்த வில்லங்கம் என்று மனக்குறை. கோயில் கடிதத்தாளில் ஒரு கடிதம் அடித்துக்கொண்டு வந்தார். நாலு லட்சத்து அறுபத்திரண்டாயிரமும் கோயிலுக்கு வந்த நன்கொடை என்று அழகாக எழுதியிருந்தது. ஏலம் என்ற சொல்லே இல்லை. நண்டும் இல்லை.

ஜெனிற்றா வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது சரியில்லை அண்ணை."

"ஏன் பிள்ளை? இப்பிடி எழுதினால் அவை ஒரு கேள்வியும் கேட்கமாட்டினம்."

"நன்கொடை இல்லை. அந்தச் சனம் நண்டு வாங்கினது. அப்பிடியே எழுதுங்கோ."

நான் இடையில் விழுந்தேன். "என்னப்பா, நண்டெண்டு எழுதினால் கொழும்பிலை சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். இவ்வளவு காலமும் எங்களைப் பற்றி ஆர் என்ன எழுதினவை? எங்கடை சனம் இரங்கிப் போட்ட காசில்லை அது. யோசப்பின் அக்கா ரெண்டாயிரம் போட்டவா. ரெண்டு நாள் கழற்றின கூலி. அதை நன்கொடை எண்டு ஒரு வரியிலை மூடச் சொல்லுறியளோ? முப்பத்தொரு பேரின்ரை பேரையும் போடுங்கோ, ஆளுக்கு எவ்வளவெண்டும் போடுங்கோ. ஏன் வாங்கினவை எண்டும் எழுதுங்கோ."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அண்ணை எழுந்துபோய்த் திரும்ப அடித்துக்கொண்டு வந்தார். இந்த முறை மூன்று பக்கம். திருநாள் ஏலம் என்றால் என்ன என்று ஒரு பந்தி. சினை நண்டு என்றால் என்ன, அதை ஏன் கடலில் விடவேண்டும் என்று ஒரு பந்தி. மேற்படி நண்டைக் கொடுத்தவர் தொழில் அனுபவம் இருந்தும் கவனமின்மையால் அதைச் சோதிக்கவில்லை என்று ஒரு வரி. அந்த வரி தேவையா என்று கேட்டேன். தேவை என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். கடைசியில் பெயர்கள், யோசப்பின் முதலாவதாக.

உதயகலா அதை வாங்கி வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அக்கா, இதை நான் ஒரு எழுத்தும் மாத்தாமல் அனுப்புறன்" என்றாள்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில், காலை ஏழு மணிக்கு, நண்டு நிறுக்கிற நேரம் பார்த்து அவளே ஸ்கூட்டியில் வாடிக்கு வந்தாள். எங்களோடு கதைக்கவில்லை. நேரே கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கொழும்பிலை இருந்து பதில் வந்திருக்கு. ஏலக்காசு விசயம் முடிஞ்சுது, அதிலை ஒரு பிழையும் இல்லையாம். ஆனால் காணி உறுதி இல்லாமல் இருபத்திரண்டு லட்சம் குடுக்க அவைக்குப் பிணை வேணும். அரசாங்கச் சம்பளக்காரர் ரெண்டு பேர் வேணுமெண்டுதான் வழக்கமாக் கேட்கிறது. இந்தமுறை கொழும்பிலை இருக்கிற எங்கடை பெரியவர் உங்கடை கடிதத்தைப் பார்த்திட்டு இப்பிடி எழுதியிருக்கிறார்: ‘ஒரு நண்டுக்காகச் சேர்ந்து நின்ற முப்பத்தொரு பேரில் ஐந்து பேர் இவருக்குப் பிணை நிற்பார்களா என்று கேட்கவும்.’"

நண்டு கழற்றிய கைகள் நின்றன.

"அவசரப்படாதேங்கோ" என்றாள் உதயகலா. "பிணை எண்டால் என்னெண்டு சொல்லவேண்டியது என்ரை கடமை. ஜெனிற்றா அக்கா கட்டாட்டில் நீங்கள் கட்டவேணும். உங்கடை கணக்கிலை இருந்து பிடிப்பினம். தொழில் படுத்தாலும் பிடிப்பினம், புயல் வந்தாலும் பிடிப்பினம்."

ஜெனிற்றா தராசைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. திருநாளில் இரண்டாயிரம் போடுவது வேறு, இருபத்திரண்டு லட்சத்துக்குத் தலையைக் கொடுப்பது வேறு. ஒருவரும் வராவிட்டாலும் அவர்களைக் குறை சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யோசப்பின் கையிலிருந்த நண்டைப் பெட்டியில் போட்டாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"பிள்ளை, பதினெட்டு வருசம் நாங்கள் எல்லாரும் ஜஸ்ரினுக்குப் பிணை நிண்டனாங்கள். வலையும் பிணை, படகும் பிணை, பிள்ளையளின்ரை படிப்பும் பிணை. ஒருத்தரும் எங்களை இருத்திவைச்சு இப்பிடி வாசிச்சுக் காட்டேல்லை. கடுதாசியைத் தா. கையெழுத்து எங்கை வைக்கிறது?"

அவள் வைத்தாள். பேனையை அழுத்திப் பிடித்து, ஆறுதலாக, முழுப் பெயரையும் எழுதினாள். பின்னால் ஒரு படகுக்காரன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். ஐந்து பேர் போட்டு முடிந்ததும் உதயகலா தாளை எடுத்தாள்.

"ஐஞ்சு பேர் காணும். மிச்ச ஆக்கள் போகலாம்."

யாரும் போகவில்லை. ஆறாவதாக நின்றவன் கோபித்தான். "ஏன் மிஸ், எங்கடை கையெழுத்துச் செல்லாதோ? நண்டு வாங்கேக்கை நாங்களும்தானே வாங்கினனாங்கள்."

அவள் மேலாளருக்குப் போன் எடுத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று கதைத்தாள். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாள். "படிவத்திலை இடமில்லை. வெறுந்தாள் ஒட்டட்டாம். ஆரிட்டையாவது கொப்பி இருக்கோ?"

ஒருத்தியின் மகளுடைய பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து நடுத்தாள் கிழிந்து வந்தது. வரிசை வாடிக்கு வெளியே போய், வலைகள் காய்கிற கம்பிவரை நீண்டது. இரண்டு பேர் இன்னும் கடலால் வரவில்லை. அவர்களுடைய மனைவிமார் வந்து, மனுசன் வரும்வரை இடம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் கையைக் கழுவிவிட்டுக் கடைசி ஆளாகப் போய் நின்றேன். எல்லோரையும் விட எனக்குத்தான் கையெழுத்துப் போடுகிற கடமை அதிகம்.

உதயகலா தாளோடு வந்தவள் என்னைக் கண்டுவிட்டாள்.

"நீங்கள் வெளியிலை வாங்கோ அண்ணை. கட்டின மனுசன் பிணை நிக்கேலாது. உங்கடை சொல்லை வங்கி எடுக்காது."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜெனிற்றாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் வரிசையை விட்டு விலகிப் படகோரம் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால்தான் வரிசை முழுதும் தெரிந்தது. கையெழுத்துப் போட்டும் போகாமல் நின்றவர்களையும், மனுசனுக்கு இடம் பிடித்த பெண்களையும் சேர்த்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, விரல் நீட்டி, ஒவ்வொருவராக எண்ணினேன். முப்பத்தொரு பேர். என்னை ஒருவரும் கேட்காமல், என் மனைவியை நம்பி நின்றார்கள்.